கசிந்தால் காலி

ஜொகூரின் பொந்தியான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை அள்ளும் சிறிய டிராக்டரைச் சற்று நின்று கவனித்தால் போதும், இந்த அத்தியாயத்தின் பாதி புரிந்துவிடும். வெட்டிப் பாதையோரம் போட்ட குலைகளை அதன் இரும்புக் கை ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்துப் பின்னாலிருக்கும் தொட்டியில் போடுகிறது. ஒரு குலை பத்துக் கிலோவும் இருக்கும், இருபத்தைந்து கிலோவும் இருக்கும். முள் வேறு. தொட்டி நிறைந்ததும் அடியில் மடிந்து கிடக்கும் இரும்புச் சட்டம் மெல்ல விரிகிறது. தொட்டி ஆள் உயரத்தைத் தாண்டி எழுந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பாதையோரம் நிற்கும் பெரிய பெட்டிக்குள் மொத்தத்தையும் கொட்டுகிறது. இத்தனைக்கும் ஓட்டுநர் செய்தது விரல் நீளத்தில் நிற்கும் இரண்டு மூன்று பிடிகளை முன்னும் பின்னும் அசைத்தது மட்டும்தான். மாட்டு வண்டியும் எருமை வண்டியும் கைவண்டியும் ஆள்களின் தோளும் சுமந்த வேலை இது.

தூக்கியது யார்? இன்ஜின் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இன்ஜினுக்கும் தொட்டிக்கும் நடுவே பல்சக்கரமோ சங்கிலியோ கயிறோ கிடையாது. விரல் தடிமனுள்ள கறுப்பு ரப்பர் குழாய்கள் சில போகின்றன, அவற்றுக்குள் எண்ணெய் இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த எண்ணெய்க்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்பதை லோரிக்கு டயர் மாற்றும் ஜாக்கியில் எளிதாகக் கணக்குப் போடலாம். ஜாக்கிக்குள் இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. சின்னதின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியதின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி நெம்புகோலாக வேலை செய்து கையின் அழுத்தத்தை 20 மடங்காக்குகிறது. ஓர் ஆள் 20 கிலோ எடைக்கு ஈடாக அமுக்கினால் சின்ன பிஸ்டன் மேல் 400 கிலோ இறங்கும். அந்த அழுத்தம் எண்ணெயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் அப்படியே பரவும். பெரிய பிஸ்டனுக்கு 20 சதுர சென்டிமீட்டர் இருப்பதால் அதன் பங்கு 8,000 கிலோ. இருபது கிலோ அமுக்கத்துக்கு எட்டு டன்!

இது இனாமாகக் கிடைத்ததல்ல. கைப்பிடியை ஒருமுறை அமுக்கும்போது சின்ன பிஸ்டன் 2 சென்டிமீட்டர் இறங்கினால், பெரிய பிஸ்டன் 1 மில்லிமீட்டர்தான் ஏறும். லோரியைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்த நூறு தடவை அமுக்க வேண்டும். விசையில் வந்த லாபம் முழுவதும் தூரத்தில் போய்விடுகிறது. உராய்வு வேறு தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. இப்படித் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரம் ஆற்றலை உண்டாக்குவதில்லை. விசையையும் தூரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தருகிறது.

இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதி வைத்தவர் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது அவருடைய விதி. ஒரு வாயைவிட நூறு மடங்கு பரப்புள்ள இன்னொரு வாயுள்ள நீர்ப் பாத்திரத்தில், சிறிய வாயை ஒருவன் அமுக்கினால் பெரிய வாயில் நூறு பேரின் பலத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், அச்சானது. ஆக, ஜாக்கியின் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது. ஜாக்கி எங்கே?

அது வர இன்னும் 132 ஆண்டுகள் பிடித்தன. அறிவியல் நூல்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. ஆனால் ஹைட்ராலிக்ஸின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. விதி தெரிந்திருந்தும் இயந்திரம் வராததற்குக் காரணம் ஒன்று: கசிவு. பிஸ்டன் அசைய வேண்டுமானால் சிலிண்டர் சுவருக்கும் அதற்கும் இடையே மயிரிழை இடைவெளியாவது வேண்டும். இடைவெளி இருந்தால், அழுத்தம் ஏற ஏற நீர் அதன் வழியே பீய்ச்சியடிக்கும். இறுக்கி அடைத்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

லண்டனில் பூட்டும் நீர்க்கழிப்பறையும் செய்து பேர் வாங்கிய ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் அமுக்கு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவரையும் இந்தக் கசிவுதான் படுத்தியது. தீர்வைக் கண்டது அவரிடம் வேலை பார்த்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே என்று பொறியியல் வரலாறு சொல்கிறது. அவர் தோலைக் கிண்ணம் போல வளைத்து, அதன் குழிந்த பக்கம் நீரைப் பார்க்கும்படி பொருத்தினார். நீர் அந்தக் குழிக்குள் புகுந்து தோலின் விளிம்பைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். அழுத்தம் குறைவாக இருக்கும்போது தோல் தளர்ந்திருக்கும், பிஸ்டன் லேசாக ஓடும். அழுத்தம் ஏறினால் தோலும் அதே அளவுக்கு இறுகும். கசியப் பார்க்கும் நீரே கசிவை அடைக்கிறது! பாஸ்கலின் விதியைவிட இந்தத் தோல் துண்டு எந்த வகையிலும் குறைந்த சாதனையல்ல. வாரம் 30 ஷில்லிங் சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டபோது பிராமா மறுத்துவிட்டதால், மாட்ஸ்லே 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். இங்கிலாந்தின் தலைசிறந்த இயந்திரக் கருவி வல்லுநர்களில் ஒருவரானார்.

இன்று செம்பனைத் தோட்டத்து டிராக்டரின் சிலிண்டரைப் பிரித்தாலும் உள்ளே அதே வடிவம் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘ப’ எழுத்து மாதிரி இரண்டு உதடுகள் கொண்ட வளையம். பட்டறைகளில் அதற்குப் பெயர் சீல். தோலுக்குப் பதில் செயற்கை ரப்பரோ பாலியூரித்தேனோ வந்திருக்கிறது, மற்றபடி மாட்ஸ்லேயின் யோசனை மாறவில்லை. இதில் ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பால் வெட்டிய இதே மண்ணின் இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு உதவாது. தாது எண்ணெய் பட்டால் அது ஊறி, உப்பி, கொழகொழத்துப் போகும். எண்ணெயைத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். மலேசியத் தொழிற்சாலைகள் மருத்துவக் கையுறை செய்யும் அதே பொருள்.

ஆரம்பத்தில் எண்ணெய் அல்ல, நீர்தான் ஓடியது. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1840களில் நியூகாசில் துறைமுகத்தில் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கி அமைத்தார். லண்டனில் 1883இல் தொடங்கிய ஒரு நிறுவனம் தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, இன்று மின்சாரம் விற்பதைப் போல அழுத்த நீரை விற்றது. 1977 வரை அந்த வியாபாரம் நடந்தது. 1894இல் திறந்த டவர் பாலத்தின் கதவுகளைத் தூக்கியதும் நீர்தான். ஆனால் நீர் துருப்பிடிக்க வைக்கும், வழவழப்புத் தராது, குளிரில் உறையும். கடைசிக் குறை பொந்தியானுக்குப் பொருந்தாது என்றாலும் முதல் இரண்டும் போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல் பீரங்கிகளைத் திருப்ப எண்ணெய் வந்தது. பிறகு நீர் பின்வாங்கியது.

எண்ணெய் வந்த பிறகு அமைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஒரு தொட்டி, அதிலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளும் பம்ப், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடும் வால்வு, வேலை செய்யும் சிலிண்டர் அல்லது மோட்டார், திரும்பி வரும் வழியில் ஒரு வடிகட்டி. இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் பம்ப். அது அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தைத்தான் உண்டாக்குகிறது. போகும் வழியில் எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம் ஏறும். குலைத் தொட்டி காலியாக இருக்கும்போது குறைந்த அழுத்தத்திலேயே எழும்பிவிடும். குலை நிறைந்திருந்தால் எண்ணெய் அதற்கேற்ற அழுத்தம் வரும்வரை நெருக்குப்படும். தூக்கவே முடியாத பாரமென்றால்? அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் வெடிக்கும். அதைத் தடுக்கத்தான் ரிலீஃப் வால்வு: குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அது திறந்து எண்ணெயை அதன் தொட்டிக்கே திருப்பிவிடும். “இன்னும் கொஞ்சம் தூக்கட்டுமே” என்று அதைத் திருகி இறுக்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது வலுவைக் கூட்டும் திருகல்ல, உயிருக்குக் காவல்.

பொந்தியானின் நிலம் ஹைட்ராலிக்ஸுக்கு இன்னொரு தேர்வு வைக்கிறது. மாவட்டத்தின் பெரும்பகுதி தாழ்ந்த கரையோரம். களிமண்ணும், காலங்காலமாய் மக்கிக் குவிந்த தாவரங்களாலான கரிமண்ணும். பெக்கான் நானாஸ் ஊருக்குப் பெயர் தந்த அன்னாசி இந்தக் கரிமண்ணில்தான் விளைகிறது. வடிகால் வெட்டாமல் இங்கே எதுவும் நட முடியாது. கால்வாய் என்று பொருள்படும் ‘பாரிட்’ என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருவது அதனால்தான். கையால் வெட்டிய கால்வாய்கள் போதாமல், 1974இல் உலக வங்கிக் கடனுடன் மேற்கு ஜொகூர் விவசாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கால்வாய், கரை, கடல்நீரைத் தடுக்கும் மதகு என்று நிலத்தையே திருத்தி எழுதிய திட்டம் அது. வெட்டிய கால்வாய் வெட்டியபடி நிற்பதில்லை. கரிமண் நீர் வடிய வடிய ஆண்டுதோறும் தாழ்கிறது, கால்வாயில் சேறு சேருகிறது. தூர்வாரும் எக்ஸ்கவேட்டருக்கு இங்கே ஓய்வே கிடையாது.

எக்ஸ்கவேட்டர் முழுக்க முழுக்க எண்ணெயால் ஓடுவது. பெரிய கை, சின்னக் கை, வாளி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சிலிண்டர்கள். மேல்பகுதி சுழல ஒரு ஹைட்ராலிக் மோட்டார், இரண்டு சங்கிலிச் சக்கரங்களுக்கும் ஆளுக்கொன்று. 20 டன் இயந்திரத்தில் அழுத்தம் 350 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது பெரும்பாலும் இரண்டரை பார் அளவுதான். அந்த அழுத்தத்தை ஓட்டுநர் கையால் நேரடியாகத் தொடுவதில்லை. அவர் பிடித்திருக்கும் இரு கோல்களும் பெரும்பாலான இயந்திரங்களில் 30, 40 பார் அளவுள்ள ஒரு சிறு எண்ணெய் ஓட்டத்தைத்தான் திறந்து மூடுகின்றன. அது போய்ப் பெரிய வால்வுகளை நகர்த்துகிறது. தேர்ந்த ஓட்டுநர் கரையைச் சீவும்போது வாளியின் விளிம்பு ஒரே கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இரு கைகளையும் வாளியையும் வேறு வேறு வேகத்தில் ஒரே சமயம் நகர்த்தினால்தான் அந்த நேர்கோடு வரும்.

ஆனால் 20 டன் இரும்பு கரிமண்ணில் எப்படி நிற்கிறது? இங்கே பாஸ்கலின் வகுத்தல் கணக்கு தலைகீழாக உதவுகிறது. ஜாக்கியில் பரப்பைக் கூட்டி விசையைப் பெருக்கினோம். இங்கே பரப்பைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலமும் 3.3 மீட்டர் நீளமும் தரையில் படியும் இரண்டு சங்கிலிகள் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் அரை கிலோ. அகலத்தை 90 சென்டிமீட்டர் ஆக்கினால் அது மூன்றில் ஒரு கிலோவாக இறங்கும். ஏறக்குறைய 70 கிலோ மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும்போது தரை தாங்கும் அளவு. அதனால்தான் சதுப்பில் வேலை செய்யும் இயந்திரங்களுக்கு அகலமான சங்கிலித் தகடுகள். அதுவும் போதாத இடத்தில் மரக்கட்டைகளை அடியில் பரப்பி, அவற்றை இயந்திரமே எடுத்து எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு நகரும்.

தோட்டத்தைத் தாண்டி ஆலைக்குப் போனாலும் எண்ணெய் பின்தொடர்கிறது. செம்பனை ஆலைகளில் லோரி கொட்டிய குலைகளைத் தேக்கி வைக்கும் சரிவுமேடையின் கதவுகளை ஹைட்ராலிக் சிலிண்டர் திறக்கிறது. வெந்த பழத்தைப் பிழியும் திருகு இயந்திரத்தின் வாயில் ஒரு கூம்பு இருக்கும். அதை எவ்வளவு நெருக்கிப் பிடிப்பது என்பதும் ஹைட்ராலிக் அழுத்தம்தான். இளகினால் சக்கையோடு செம்பனை எண்ணெய் போகும், இறுகினால் கொட்டை உடையும். ரப்பர் ஆலைகளில் இன்னொரு காட்சி. மலேசியா 1965இல் தரப்படுத்திய ரப்பர் முறையைக் கொண்டுவந்த பிறகு, துகளாக உலர்த்திய ரப்பரை ஹைட்ராலிக் அமுக்கி 33.3 கிலோ கட்டியாக்குவது வழக்கமானது. 30 கட்டிகள் சேர்ந்தால் ஒரு டன். 

மாவட்டத்தின் தென்முனைப் பக்கம் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம். தலா 700 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகள், பின்னர் 2016இல் சேர்ந்த 1,000 மெகாவாட் அலகு. இத்தகைய பெரிய நீராவி டர்பைன்களில் நீராவியை உள்ளே விடும் வால்வுகளை உயர் அழுத்தத் திரவம்தான் திறந்து பிடித்திருக்கும். அதை எதிர்த்து ஒரு கனத்த சுருள்வில் மூடத் துடித்துக்கொண்டிருக்கும். மின்கட்டமைப்பில் கோளாறு வந்து டர்பைன் கட்டுமீறிச் சுழலும் அபாயம் எழுந்தால், திரவத்தை வெளியே விட்டுவிடுவார்கள். கண் இமைக்கும் நேரத்தில் வில் வால்வை மூடிவிடும். திரவம் தானாகக் கசிந்து போனாலும் அதே கதிதான்: டர்பைன் நின்றுவிடும், வெடிக்காது. கசிவைத் தவிர்க்க முடியாதென்றால் அது பாதுகாப்பான பக்கமாக விழட்டும் என்று யோசித்தவர்கள் மெச்சத்தக்கவர்கள்.

கடலில் அந்தச் சலுகை கிடையாது. தஞ்சோங் பியாயில், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியில், நின்று பார்த்தால் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு பெரிய கப்பலின் பின்கோடியிலும் சுக்கானைத் திருப்புவது ஹைட்ராலிக் எண்ணெய். கப்பல் முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு பக்கம் 35 டிகிரியில் இருக்கும் சுக்கானை மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 வினாடிக்குள் திருப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. 1978 மார்ச் 16 அன்று பிரான்சின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால், புயலில் போய்க்கொண்டிருந்த ‘அமோகோ காடிஸ்’ எண்ணெய்க் கப்பலின் சுக்கான் அமைப்பில் சில போல்ட்டுகள் முறிந்தன. ஹைட்ராலிக் எண்ணெய் வெளியேறியது. சுக்கான் எந்தப் பேச்சையும் கேட்கவில்லை. இழுவைப் படகு வந்தும் பயனில்லாமல் அன்றிரவே கப்பல் பாறையில் மோதியது. 2,20,000 டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அதன்பின் 1981இல் விதியைத் திருத்தி, எண்ணெய்க் கப்பல்களின் சுக்கான் அமைப்பில் ஓரிடத்தில் உடைந்தாலும் மீதி வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மலாக்கா நீரிணையின் நெரிசலில் அந்த விதியின் அருமை கரையிலிருப்பவர்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

நல்லபடியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடலாம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுமார் 750 டன் வான்பாலத்தை 1995இல் ஹைட்ராலிக் ஜாக்கிகள்தான் எஃகு வடங்களைப் பிடித்து அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தன. ஒரு பிடி வடத்தை இழுக்கும், இன்னொரு பிடி தாங்கும், முதல் பிடி மீண்டும் கீழே போய்க் கவ்வும். டயர் ஜாக்கியின் நூறு அமுக்கல் கதையேதான், அளவு மட்டும் வேறு.

சீலுக்கும் வால்வுக்கும் எதிரிகள் இரண்டு: தூசியும் தண்ணீரும். வால்வுகளின் உள் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். ஆகவே கண்ணுக்கே தெரியாத மணல் துகள் போதும், உள்ளே கீறல் விழ. ஈரம் சொட்டும் ஜொகூர்க் காற்றில் எண்ணெய்த் தொட்டிக்குள் நீர் சேருவது இன்னும் எளிது. தெளிவாக இருந்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறினால் நீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெயை ஊற்றும் முன் மூடியைச் சுற்றித் துடைப்பது, திறந்த குழாய் வாயை உடனே அடைப்பது, வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவது ஆகிய மூன்றும் செய்கிறவர்களின் இயந்திரம் நீடிக்கும். சிலிண்டர் தண்டில் ஒட்டிய சேற்றைக் கத்தியால் சுரண்டுகிறவர்கள் சீலைத் தாங்களே அறுக்கிறார்கள்.

காற்று புகுந்தாலும் தொல்லைதான். எண்ணெய் 100 பார் அழுத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே சுருங்கும். காற்று தாராளமாகச் சுருங்கும். ஹைட்ராலிக்கால் இயங்கும் கார் பிரேக்கில் காற்று புகுந்தால், மிதிக்கும்போது கால் மெத்தென்று உள்ளே போவது அதனால்தான். உடனே பட்டறைக்குப் போக வேண்டிய அறிகுறி அது.

கடைசியாக, தோட்டத்திலோ ஆலையிலோ கட்டுமானத்திலோ வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஹைட்ராலிக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் மெல்லிய புகை மாதிரிதான் தெரியும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்தப் பீச்சல் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். இன்ஜினை நிறுத்தி, தூக்கிய பாகத்தைத் தரையில் இறக்கி, பிடிகளை இருபுறமும் அசைத்து மிச்ச அழுத்தத்தை விட்ட பிறகே குழாயைத் தொட வேண்டும். ஓட்டையைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். தப்பித் தவறி எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால் முதலில் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கி விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், “ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போய்விட்டது” என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.